திங்கட்கிழமை வரை ஏன்?

வாரத்தின் ஏழு நாட்களில் நம்மவர்களிடம் சிக்கி அதிகமாகப் பாடுபடுவது எது என்று என்னைக் கேட்டால், திங்கட்கிழமை என்றுதான் சொல்வேன். சோற்றைக் குறைத்து, மாவுச்சத்தை ஒதுக்கி, உடம்பைத் தேற்றிக்கொள்ளப் புறப்பட்டவர்கள் எங்கள் போளூரில் இன்று தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, சாம்பார் ரசம் மோர் என்று மூன்று முறை சோறு வாங்கி, பாயசத்தையும் ஒரு கை பார்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை காலையில் அவர் செய்ய வேண்டியது என்ன? வழக்கம்போல் இரண்டு முட்டையைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டும். அவர் செய்வது என்ன? "போனது போச்சு, திங்கட்கிழமையிலிருந்து ஒழுங்கா இருந்துடலாம்" என்று சொல்லிவிட்டு, இட்லித் தட்டை முன்னால் இழுத்துக்கொள்கிறார். கல்யாணத்தில் கெட்டது ஒரு வேளை. திங்கட்கிழமையை எதிர்பார்த்துக் கெட்டவை பதினைந்து வேளைகள். இந்த இரண்டில் உடம்புக்குத் துரோகம் செய்தது எது என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த வியாதிக்கு மூலம் விரதம் என்ற எண்ணம்தான். விரதத்துக்கு ஒரு விதி உண்டு. ஒரு பருக்கை உள்ளே போனாலும் முறிந்தது முறிந்ததுதான். ஏகாதசியன்று முக்கால் பட்டினி இருந்தேன் என்று எவரும் பெருமை பேசுவதில்லை. அந்த விதியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டுத் தட்டின்மேல் வைத்துவிட்டார்கள். ஆனால், மாவுச்சத்தைக் குறைப்பது வேண்டுதலும் அல்ல, நோன்பும் அல்ல. அது கடைக் கணக்கு. அரிசி மண்டிக்காரர் ஒருவருக்கு ஒரு நாள் வியாபாரத்தில் நஷ்டம் வருகிறது. "இந்த வாரமே கெட்டுப்போச்சு, திங்கட்கிழமை வரைக்கும் மூட்டைகளை அவிழ்த்து ரோட்டிலே கொட்டுவோம்" என்று அவர் சொல்வாரானால், அவரைப் பிடித்து வைத்தியரிடம் அழைத்துப் போவோம். அதே காரியத்தைத் தம் உடம்பை வைத்துச் செய்கிறவரை மட்டும் நாம் ஒன்றும் சொல்வதில்லை.

முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று நம் பாட்டிமார் சொன்னதை, அமெரிக்காவில் 1975இல் பரிசோதனை நடத்தியே பார்த்திருக்கிறார்கள். ஹெர்மன், மாக் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் கல்லூரிப் பெண்களை வரவழைத்து, சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லோர் முன்னாலும் ஐஸ்கிரீமை வைத்து, ருசி பார்த்துச் சொல்லுங்கள், வேண்டிய மட்டும் சாப்பிடுங்கள் என்றார்கள். உணவைப் பற்றிக் கவலைப்படாத பெண்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் வாயைக் கட்டிக்கொண்டிருந்த பெண்களோ மில்க் ஷேக் குடித்த பிறகு இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள்! வயிறு கேட்டதல்ல அது. இன்றைக்குக் கெட்டாயிற்று, இனி எவ்வளவு கெட்டால் என்ன என்ற மனம் கேட்டது.

இந்த மனத்துக்குத் தூபம் போடுவது எடை பார்க்கும் இயந்திரம். பந்தியில் சாப்பிட்ட மறுநாள் காலையில் அதன்மேல் ஏறி நிற்கிறார். ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. ஒரு மாதத் தவம் ஒரே நாளில் போயிற்றே என்று தலையில் கை வைத்துக்கொள்கிறார். ஐயா, ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர வேண்டுமானால், செலவுக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி மிச்சமாக வேண்டும். எந்தப் பந்தியிலும் அவ்வளவு பரிமாற மாட்டார்கள். நடந்தது வேறு. மாவுச்சத்தை உடம்பு கிளைக்கோஜன் என்ற உருவத்தில் ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்துவைக்கிறது. இத்தனை நாள் காலியாகிக் கிடந்த அந்தக் களஞ்சியம் நிரம்பிற்று. ஆகவே ஏறிய எடையில் பெரும்பகுதி தண்ணீர். பழைய முறைக்குத் திரும்பினால் சில நாட்களில் அது இறங்கிவிடும். தண்ணீரைக் கொழுப்பென்று நினைத்து அழுகிறவர், அந்த அழுகையிலேயே உண்மையான கொழுப்பைச் சேர்க்க ஆரம்பிக்கிறார்.

திரும்பி வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வழி தவறுகிறவர்களும் உண்டு. எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் ஆரணி, மறுபக்கம் ஜவ்வாது மலை. அதாவது ஒரு பக்கம் அரிசி, மறுபக்கம் சாமை. பந்தியில் அரிசிச் சோறு சாப்பிட்ட பாவத்தைச் சாமைச் சோறு சாப்பிட்டுக் கழுவுகிறவர்களைப் பார்க்கிறேன். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். சாமையில் சுமார் 66. கேழ்வரகில் சுமார் 67. சாமையில் நார்ச்சத்து அதிகம், அது நல்ல தானியம், மலை ஜனங்களின் உழைப்பு. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தட்டு நிறையச் சாமைப் பொங்கலை வைத்துக்கொண்டு மாவுச்சத்தைக் குறைத்துவிட்டேன் என்பது, பஸ்ஸை விட்டு இறங்கி ரயிலில் ஏறிக்கொண்டு ஊருக்குப் போகவில்லை என்பது போலத்தான்.

இனி, வழுக்கியவர்களைப் பார்த்து "மனக்கட்டுப்பாடு இல்லை" என்று உபதேசம் செய்கிறார்களே, அந்தப் பெரியவர்களிடம் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. இந்த மாநிலத்தில் ரேஷன் அரிசி 2011 முதல் இலவசம். முட்டையும் மீனும் கறியும் பன்னீரும் இலவசமல்ல. மாதக் கடைசியில் ஒரு குடும்பஸ்தன் சோற்றுக்குத் திரும்பினால், அங்கே வழுக்கியது நாக்கல்ல, சட்டைப் பை. இன்னொன்று, வீட்டுப் பெண்களின் சங்கதி. கணவருக்கு ஒரு சமையல், பிள்ளைகளுக்கு ஒரு சமையல் செய்துவிட்டு, இரவு பத்து மணிக்குக் குண்டானில் மீந்த சோற்றைப் பார்க்கிறாள் ஒருத்தி. "கொட்ட மனசு வரலீங்க" என்று அதைச் சாப்பிட்டு முடிக்கிறாள். இது நாக்குச் சபலமா? அந்த வீட்டில் ஒரு ஆழாக்கு குறைத்து உலை வைத்திருந்தால் அவள் வழுக்கியிருக்கவே மாட்டாள். உபதேசம் செய்கிறவர்கள் அந்த ஆழாக்கைப் பற்றிப் பேசட்டும்.

இவர்களைவிட அபாயமானவர்கள் பிராயச்சித்தக்காரர்கள். ஒரு நாள் தின்றதற்கு இரண்டு நாள் பட்டினி கிட என்கிறார்கள். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. மாவுச்சத்தைக் குறைக்க முன்வருகிறவர்களில் இவர்கள் எத்தனையோ பேர். இன்சுலின் போட்டுக்கொள்கிறவரோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவரோ வைத்தியரைக் கேட்காமல் பட்டினி கிடந்தால், ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு கிண்ணம் பாயசத்துக்கு இவ்வளவு பெரிய தண்டனையா? பட்டினி கிடந்தவர் மறுநாள் ராத்திரி எதன்மேல் பாய்வார் என்பதையும் நான் சொல்ல வேண்டியதில்லை.

எந்த உணவு முறை உயர்ந்தது என்று இன்று நடக்கும் வாக்குவாதத்துக்கும் ஒரு பதில் உண்டு. 2005இல் வெளியான பாஸ்டன் ஆய்வு ஒன்றில், 160 பேரை நாலு முறைகளில் பிரித்து ஓராண்டு கவனித்தார்கள். மாவுச்சத்தைக் குறைக்கும் அட்கின்ஸ் முறை அவற்றில் ஒன்று. எடை குறைந்தது முறையைப் பொறுத்து அல்ல. அவரவர் அதை எவ்வளவு தூரம் கடைப்பிடித்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான். அந்தக் கடைப்பிடிப்பை எப்படி அளந்தார்கள் தெரியுமா? பத்துக்கு எத்தனை என்று அவரவரே மாதந்தோறும் மார்க் போட்டார்கள். பத்துக்கு ஏழு வாங்கினவனை அங்கே எவரும் விரதம் கெட்டவன் என்று சொல்லவில்லை.

ஆகவே வழுக்கினவர் செய்ய வேண்டியது மிகச் சின்னக் காரியம். அடுத்த வேளையை, எப்போதும் சாப்பிடும் அளவில், எப்போதும் சாப்பிடும் பதார்த்தத்தோடு சாப்பிடுவது. கீரையும் கத்தரிக்காயும் முட்டையும் எந்தக் கிராமத்திலும் கிடைக்கும். எங்கள் பக்கத்து மல்லாட்டை ஒரு கைப்பிடி இருந்தால் பசி தாங்கும். இயந்திரத்தை நாலு நாள் கட்டிலுக்கடியில் தள்ளுங்கள். மீந்த லட்டுகளை அன்றே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். திரும்பிய முதல் இரண்டொரு நாளில் தலை கனக்கலாம், சோர்வு தட்டலாம். உடம்பு தண்ணீரையும் உப்பையும் வெளியே தள்ளுகிறது. ரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ இல்லாதவர் உப்புப் போட்ட மோர் ஒரு டம்ளர் குடிக்கலாம்.

வாசகர்களே, நம்முடைய பஞ்சாங்கத்தில் சுத்தமான திங்கட்கிழமை என்று ஒன்று கிடையாது. தை வந்தால் பொங்கல், ஆடி வந்தால் படவேட்டு அம்மனுக்குக் கூழ், கார்த்திகை வந்தால் தீபத்துக்கு அப்பமும் பொரி உருண்டையும். நடுவே மைத்துனி மகள் கல்யாணம். எல்லாம் முடியட்டும் என்று உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் முடியப் போவதில்லை. பண்டிகையில் சாப்பிடுங்கள்; சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். கையைக் கழுவியபின் இன்று என்ன கிழமை என்று பார்க்காதீர்கள். மணி என்ன என்று பாருங்கள். அடுத்த வேளைக்கு இன்னும் ஐந்தாறு மணி நேரம்தான் இருக்கும்.