ஸ்கேனுக்கு முந்தைய இரண்டு மணி நேரம்

தலையில் அடிபட்டு நினைவோடு வருபவருக்கு சி.டி. எடுக்க வேண்டுமா என்று தீர்மானிக்க, நம் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பெரும்பாலும் சொல்லிக்கொடுக்கப்படுவது கனடிய சி.டி. தலை விதி. இயன் ஸ்டீலும் அவர் குழுவினரும் 10 கனடிய மருத்துவமனைகளில் 3,121 பேரை ஆராய்ந்து 2001இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டது அது. பி.ஜி. மாணவர் யாரைக் கேட்டாலும் ஒப்பிப்பார். உயர் ஆபத்துக்கான ஐந்து அம்சங்களில் முதலாவது, அடிபட்டு இரண்டு மணி நேரமாகியும் ஜி.சி.எஸ். 15க்குத் திரும்பாமலிருப்பது.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் பைக்கிலிருந்து விழுந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். 108 வந்து ஏற்றி, அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனையில் இறக்கி, காயத்தைக் கழுவித் தையல் போட்டு, டி.டி. ஊசி போட்டு, இரண்டாம் முறை வாந்தி எடுத்ததும் மேல்சிகிச்சைக்கு எழுதி, இன்னொரு வண்டி கிடைத்து, சேரன்மகாதேவி தாண்டி, நகர நெரிசலுக்குள் நுழைந்து திருநெல்வேலி ஹைகிரவுண்ட் மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் அந்த இரண்டு மணி நேரம் வழியிலேயே கழிந்துபோகும். மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என்றால் மணிமுத்தாறுக்கு இறங்குவதற்குள்ளேயே கழிந்துவிடும். விதி கேட்கும் ஜி.சி.எஸ்.ஸைப் பார்த்திருக்கக்கூடியவர் ஆம்புலன்சின் இ.எம்.டி. ஒருவர்தான்.

கூடவே வரும் சீட்டில் என்ன இருக்கும் என்பது நமக்குத் தெரியும். ‘ஆர்.டி.ஏ., எல்.ஓ.சி. பிளஸ், வாமிட்டிங் பிளஸ், ஈ.என்.டி. பிளீட் நில், மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது.’ கீழே கையெழுத்து, முத்திரை. எத்தனை மணிக்கு விழுந்தார், எத்தனை மணிக்குப் பார்த்தபோது ஈ எவ்வளவு, வி எவ்வளவு, எம் எவ்வளவு என்பதெல்லாம் இருக்காது. எழுதியவரைக் குறை சொல்வதில் பயனில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரே டியூட்டி டாக்டர், ஒரு பக்கம் பிரசவம், இன்னொரு பக்கம் பாம்புக்கடி என்று நிற்கும்போது அந்தச் சீட்டு எழுதப்பட்டதே பெரிது. ஆனால் அந்த வெற்றிடம் நம் ஆய்வுகளில் அப்படியே தொடர்வதை ஏற்க முடியாது.

நமக்கு வரும் படவியல் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சு. ‘தலைக்காய நோயாளிகளின் சி.டி. கண்டறிதல்கள்: 100 பேரின் ஆய்வு’. சப்டியூரல் இத்தனை சதவீதம், கன்டியூஷன் இத்தனை சதவீதம், ஆண்கள் அதிகம், இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் அதிகம். இதைத் தெரிந்துகொள்ள ஆய்வு எதற்கு? சனிக்கிழமை ராத்திரி கேஷுவல்ட்டி வாசலில் நின்றாலே போதும். இந்தக் கட்டுரைகளின் உண்மையான ஓட்டை வேறு: நூறு பேரும் சி.டி. எடுக்கப்பட்டவர்கள். எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் கணக்கிலேயே இல்லை. கனடியர்கள் ஸ்கேன் எடுக்காதவர்களையும் 14 நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார்கள். அதனால்தான் அது விதியானது. நாம் எழுதுவது ஸ்கேன் அறையின் வரவுப் பதிவேடு.

விதியின் இன்னொரு அம்சம் நம் சாலைகளில் வந்ததும் தடுமாறுகிறது. ‘ஆபத்தான விபத்து முறை’ என்று அது சொல்வது மூன்று: வாகனம் மோதிய பாதசாரி, வாகனத்திலிருந்து வெளியே வீசப்பட்டவர், மூன்று அடிக்கு மேல் அல்லது ஐந்து படிகளுக்கு மேலிருந்து விழுந்தவர். காருக்குள் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பட்டியல் அது. வேகத்தடையில் வண்டி குதித்து, பின் சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்த அம்மா சாலையில் விழுகிறார். இவரை எதில் சேர்ப்பது? வீசப்பட்டவர் என்றால் நம் கேஷுவல்ட்டிக்கு வரும் இருசக்கர வாகனக்காரர் அத்தனை பேருக்கும் சி.டி. என்றாகிவிடும், விதி எதையும் வடிகட்டாது. இல்லை என்றால் மணிக்கு அறுபதில் விழுந்தவரும் விடுபட்டுவிடுவார். ஒவ்வொரு மருத்துவமனையும், ஏன், ஒரே மருத்துவமனையில் ஒவ்வொரு ஷிப்டும், தனக்குத் தோன்றியபடி முடிவெடுக்கிறது. ஹெல்மெட் போட்டிருந்தாரா, எந்த வேகம், விழுந்தது தாரிலா மண்ணிலா, பில்லியனா ஓட்டியவரா என்று பிரித்துப் பார்த்து இந்த ஒரு கேள்விக்கு விடை கண்டால், திருநெல்வேலியிலிருந்து உலகத்துக்குப் போகத்தக்க ஆய்வு அது. ஹனோய்க்கும் ஜகார்த்தாவுக்கும் லாகோசுக்கும் இதே சிக்கல்தான்.

குடி இன்னொன்று. நியூ ஆர்லியன்ஸ் விதி, குடித்திருந்தாலே சி.டி. எடு என்கிறது, காறையெலும்புக்கு மேல் காயம் தெரிந்தாலும் எடு என்கிறது. 2005இல் இரண்டு விதிகளையும் ஒரே நோயாளிகளிடம் ஒப்பிட்டபோது, முக்கியமான மூளைக் காயம் எதையும் இரண்டுமே தவறவிடவில்லை. ஆனால் கனடிய விதியின் குறிப்புத்தன்மை 50.6 சதவீதம், நியூ ஆர்லியன்ஸுக்கு 12.7. நெற்றியில் சிராய்ப்பில்லாமல் நம்மிடம் யார் வருகிறார்கள்?

ஸ்கேன் எடுக்க, வெளியில் சொல்லத் தயங்கும் காரணம் ஒன்றும் உண்டு. அடிதடி கேஸில் எலும்பு முறிவு இருந்தால் அது ‘கொடுங்காயம்’. பழைய தண்டனைச் சட்டத்தில் 320ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் நியாய சம்ஹிதையில் 116. காயச் சான்றிதழ் கேட்டுக் காவல் நிலையத்திலிருந்து ஆள் வருவார், நாலு வருடம் கழித்து சம்மன் வரும், கூண்டில் நின்று ‘ஸ்கேன் ஏன் எடுக்கவில்லை?’ என்ற குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். இதை நினைத்து எடுக்கப்படும் சி.டி.க்கள் எத்தனை என்று யாரும் எண்ணியதில்லை. கோரிக்கைப் படிவத்தில் ‘மருத்துவக் காரணம்’, ‘சட்டக் காரணம்’ என்று இரண்டு கட்டம் போட்டு, ஒன்றில் டிக் அடிக்கச் சொன்னால் தெரிந்துவிடும். நேர்மையாக அடிப்பார்களா என்பது வேறு விஷயம். ஆனால் இதைக் கணக்கில் எடுக்காத எந்த விதியும் இங்கே செல்லாது. செலவைப் பொறுத்தவரை, 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் விபத்துக்குள்ளானவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. நல்ல திட்டம். கையில் காசில்லாததால் ஸ்கேன் தள்ளிப்போவது குறைந்தால், தேவையில்லாத ஸ்கேனைத் தடுத்துவந்த கடைசிக் கதவும் திறந்துகொள்ளும்.

வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் வந்தால் கதை மாறுகிறது. அல்ட்ராசவுண்டில் கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையே ஒரு கறுப்புக் கோடு. மாரிசன் பையில் தேங்கும் ரத்தம் முதலில் அப்படித்தான் தெரியும். படுக்கைக்குப் பக்கத்திலேயே புரோபை வைத்து அதைப் பார்த்துவிட்டு, ரத்த அழுத்தம் இறங்கிய நோயாளியை சி.டி. பக்கமே கொண்டுபோகாமல் தியேட்டருக்கு ஏற்றலாம். ஈ-ஃபாஸ்ட் தெரிந்த எவருக்கும் இது புதிதில்லை. ஆனால் பல இடங்களில் அந்த மெஷின் ரேடியாலஜி அறையில் பூட்டியிருக்கும். 1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி மெஷினும் இடமும் பதிவாக வேண்டும், இயக்குபவரின் தகுதியும் சட்டப்படி இருக்க வேண்டும். 2014 விதிகள் ஆறு மாதப் பயிற்சியையும் வரையறுத்தன. உசிலம்பட்டியின் பெண்சிசுக் கொலைகளை மறக்காத யாரும் இந்தச் சட்டத்தை எளிதாகப் பேச மாட்டார்கள். அதன் தேவை அப்படியே இருக்கிறது. சட்டத்துக்கு உட்பட்டு கேஷுவல்ட்டியையும் பதிவு செய்து, அவசர மருத்துவ எம்.டி. முடித்தவரின் பெயரைச் சேர்ப்பது நிர்வாக வேலை. எந்த மருத்துவமனையில் அது எத்தனை மாதம் எடுத்தது, அதற்குப் பின் தியேட்டருக்குப் போகும் நேரம் எவ்வளவு குறைந்தது என்று எழுதினால் அதுவும் படவியல் ஆய்வுதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை புரண்டு, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனபோது, சி.டி. இருக்கும் ஊருக்குப் போவது என்பதே பலருக்கு இல்லாமல் போனது. கைக்கடக்கமான அல்ட்ராசவுண்டைப் பற்றிப் பேசும்போது அந்த இரண்டு நாட்களை நினைத்துக்கொள்வது நல்லது.

முதுகுத்தண்டு விஷயத்தில் நம் பகுதிக்கென்றே ஒரு காயம் உண்டு. உடன்குடி, திசையன்விளைப் பக்கம் பனையிலிருந்து விழுபவர்கள். மூன்றடி, ஐந்து படி என்ற கணக்கெல்லாம் அங்கே சிரிப்புக்குரியது. விழுந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். நம்மிடம் வந்து எம்.ஆர்.ஐ.யில் தண்டுவடம் நசுங்கியிருப்பதைப் பார்க்கும்போது, அது மரத்தடியில் நேர்ந்ததா ஆட்டோவில் நேர்ந்ததா என்று படம் சொல்லாது. விழுந்த உடனே கால் விரலை அசைத்தாரா என்று தூக்கி வந்தவரிடம் கேட்டு எழுதினால் சொல்லும். கழுத்தில் அடிபட்டு உடல் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கம் நம் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. முதல் நாள் எம்.ஆர்.ஐ. எடுத்த மருத்துவமனையும் பிந்தைய மறுவாழ்வைப் பார்க்கும் நிறுவனமும் நோயாளியின் ஒப்புதலோடு ஒரே கோப்பைப் பகிர்ந்தால் கிடைக்கும் அறிவு, தனித்தனி நூறு எம்.ஆர்.ஐ. ஆய்வுகளில் கிடைக்காது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. மும்பையின் க்யூர் நிறுவனம் இந்தியாவின் சுமார் 20 மையங்களிலிருந்து திரட்டிய 3,13,318 தலை சி.டி.க்களைக் கொண்டு உருவாக்கி 2018இல் ‘லான்செட்’டில் வெளியிட்ட ஆய்வு நாம் பெருமைப்படத்தக்கது, தனியாகச் சோதித்த 491 ஸ்கேன்களில் ரத்தக்கசிவைக் கண்டறியும் திறன் 0.94 வளைபரப்பு. ராத்திரி ரேடியாலஜிஸ்ட் இல்லாத இடத்தில் இத்தகைய கருவி கைகொடுக்கலாம். ஆனால் அது சேமிப்பது படம் எடுத்த பின்பு ஆகும் நிமிடங்களை. நம் நோயாளிகள் இழப்பது பெரும்பாலும் அதற்கு முன்பு.

அதை அளக்கப் புதுக் கருவி ஏதும் வேண்டாம். ஏ.ஆர். புத்தகத்தில் நோயாளி வந்த நேரம் இருக்கிறது. டைகாம் கோப்பில் முதல் படம் எடுத்த நேரம் இருக்கிறது. இரண்டையும் கழித்தால் வாசலிலிருந்து ஸ்கேன் வரை ஆன நேரம் கிடைக்கும். பகலுக்கும் இரவுக்கும், ஞாயிறுக்கும் திங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று அதிலேயே தெரியும். கேஷுவல்ட்டிச் சுவர்க் கடிகாரமும் சி.டி. கன்சோல் கடிகாரமும் ஒரே நேரம் காட்டுகின்றனவா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு நூறு பேர் போதும். ஒரு விதியைச் சரிபார்க்க ஆயிரக்கணக்கில் வேண்டும்; அது ஒரு பி.ஜி.யின் தீசிஸில் முடியாது, பாளையங்கோட்டை, தூத்துக்குடி, தென்காசி, அம்பாசமுத்திரம் நான்கும் ஒரே படிவத்தை நிரப்பினால் சில ஆண்டுகளில் முடியும்.

அடுத்த இதழ் முதல், அவசரப் படவியல் கட்டுரைகளில் மூன்று விவரங்கள் இல்லாமல் மதிப்பீட்டுக்கு அனுப்பப்போவதில்லை: அடிபட்ட நேரம், முதலில் பார்த்தவர் எழுதிய ஜி.சி.எஸ்., அதே காலத்தில் ஸ்கேன் எடுக்காமல் அனுப்பப்பட்டவர்களின் எண்ணிக்கை. மூன்றாவது கிடைக்காது என்று சிலர் எழுதுவார்கள். ஓ.பி. சீட்டுப் பதிவேட்டில் இருக்கிறது. எண்ணுவதற்கு ஒரு ஹவுஸ் சர்ஜனும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.