புயல் தலையில் பழியைப் போடாதே!

புயலுக்கு ஒரு கணக்கு, எண்ணெய்க்கு ஒரு கணக்கு, விஷவாயுவுக்கு ஒரு கணக்கு என்று நம் அதிகாரிகள் தனித்தனி நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். மூன்றையும் கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை!

எண்ணூரில் 2023 டிசம்பரில் என்ன நடந்தது? மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். கொட்டிய மழையில் சென்னை மூழ்கிற்று. மணலியில் புகுந்த வெள்ளம் எண்ணெயை வாரிக்கொண்டு பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்தில் சேர்ந்தது. படகில் எண்ணெய், வலையில் எண்ணெய், வீட்டுச் சுவரில் எண்ணெய். அதை வாளியால் அள்ளியவர்கள் யார்? தொழில் இழந்த மீனவர்கள்தாம்.

அந்தக் கறை போகுமுன், 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அம்மோனியா! உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாய் கசிந்தது. மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள். புயலில் பாறைகள் புரண்டு குழாய் சேதமாகியிருக்கும் என்றது விசாரித்த குழு. இருக்கட்டும். புயல் ஓய்ந்து மூன்று வாரம் ஆயிற்றே, அதுவரை அந்தக் குழாயைச் சோதித்தது யார்?

இதற்குப் பெயர் இயற்கைச் சீற்றமாம்! வங்கக் கடலில் புயல் வருவது புதிதா? வெள்ளம் வடியும் முகத்துவாரத்தைச் சுற்றி எண்ணெய் ஆலையையும் உர ஆலையையும் அனல் மின் நிலையத்தையும் அடுக்கியது வருண பகவானா? கொசஸ்தலை ஆற்றில் நிலக்கரிச் சாம்பலைக் கொட்டித் தூர்த்தது வாயு பகவானா?

தெருவில் வெள்ளம் நிற்கும் நாளில் வாயு கசிந்தால் ஜனங்கள் எப்படி ஓடுவார்கள்? லைசென்ஸ் கொடுத்தவர்கள் இதை யோசித்தார்களா? சேர்த்துக் கணக்கிட்டால் குழாயைப் புதுப்பிக்க வேண்டும், கரை கட்ட வேண்டும். லாபத்தில் கை வைக்க வேண்டும். சர்க்கார் ஆலையையும் நாம் விடப்போவதில்லை. அது நம் சொத்து. அதனாலேயே கூடுதலாகக் கேட்கிறோம்.

விவசாயத் தொழிலாளித் தோழர்களே, இது பட்டணத்துச் சங்கதி என்று இருந்துவிடாதீர்கள். கதிராமங்கலத்தில் 2017 ஜூனில் எண்ணெய்க் குழாய் உடைந்தது வயலில்தான். அந்தக் காவிரிக் கரையிலும் வெள்ளம் வரும், புயல் வரும்.

ஒவ்வொரு வடகிழக்குப் பருவத்துக்கு முன்பும் குழாய், கால்வாய், தொட்டி, தப்பும் பாதை அனைத்தையும் ஒரே கணக்காகப் பார். அதைத் தமிழில் தெருத்தெருவாக ஒட்டு! பார்வையிடும் கமிட்டியில் மீனவரும் தொழிற்சங்கமும் இருக்கட்டும். எந்த வால்வு துருப்பிடித்தது என்பதை ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளியைக் கேள், சொல்வான்.