நடுவீட்டில் வைத்த நாய்

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தால் என்ன ஆகும் என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. அதன் பின்பாதி அவ்வளவு நாகரிகமானதல்ல. வாசகர்களுக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். ஏழை வீட்டுப் பையன் ஒருவன் படித்து உத்தியோகத்துக்குப் போய், அங்கே ஏதோ ஒரு தப்புச் செய்துவிட்டால் போதும். உடனே இந்தப் பழமொழியை எடுத்து அவன் தலையில் போடுவார்கள். மனிதர்கள் விஷயத்தில் இது அநியாயம் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். நாய் விஷயத்திலும் இது அப்பட்டமான பொய் என்று சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

மேல்நாடுகளில் பல தலைமுறையாக நாய்க்குட்டிகளைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்துத்தான் வளர்க்கிறார்கள். அப்படி வளர்ந்த நாய்கள், கண் தெரியாத மனிதர்களைப் பெரிய பட்டணங்களின் சந்தடியில் பத்திரமாக நடத்திக்கொண்டு போகின்றன. நம் நாட்டில் அப்படி நாயோடு நடக்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏன் என்று கேட்டால், "நம் நாய்க்கு அந்தப் புத்தி ஏது?" என்கிறார்கள். நாய்க்குப் புத்தி இருக்கிறது. நமக்குத்தான் மனசு இல்லை. இதுவே என் கட்சி.

முதல் உலக யுத்தத்தில் கண்ணிழந்து திரும்பிய சிப்பாய்களுக்காக, ஜெர்மனியில் ஓல்டன்பர்க் என்ற ஊரில் 1916-இல் வழிகாட்டி நாய்களைப் பழக்கும் பள்ளிக்கூடம் ஏற்பட்டது. ஜெர்மன் பள்ளிகளின் சங்கதியை அமெரிக்காவுக்குச் சொன்னவர் டாரதி யூஸ்டிஸ் என்ற மாது. ஸ்விட்ஸர்லாந்தில் நாய் வளர்த்துக்கொண்டிருந்த அமெரிக்கப் பெண்மணி அவர். 1927-இல் அவர் ஒரு பத்திரிகையில் எழுதிய கட்டுரையை, நாஷ்வில் நகரத்தில் மாரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞருக்கு வாசித்துக் காட்டினார்கள். அதுவரை அவர் வெளியே போக வேண்டுமானால் கூலிக்கு ஒரு பையனை அமர்த்திக்கொள்ள வேண்டும். பையனுக்குச் சலிப்புத் தட்டினால் இவருடைய நடமாட்டமும் நின்றுவிடும். மறு வருஷம் அவர் கப்பலேறினார். தனியாக வந்த கண் தெரியாத ஆள் என்பதற்காக, ஏறக்குறைய ஒரு பார்சலைப்போலவே அவரை அனுப்பிவைத்தார்கள். திரும்பி வரும்போது அவர் கையில் 'பட்டி' என்ற நாய் இருந்தது. மலையாளத்தில் நாய்க்கே அதுதான் பெயர். இங்கிலீஷிலோ 'தோழன்' என்று அர்த்தம். நியூயார்க் துறைமுகத்தை ஒட்டிய நெரிசலான வீதியை, பத்திரிகை நிருபர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்தத் தோழனோடு அவர் கடந்து காட்டினார். போனது பார்சல், வந்தது மனிதன். 1929-இல் அமெரிக்காவில் முதல் பள்ளி பிறந்தது. 1931-இல் இங்கிலாந்தில் வாலஸி என்ற ஊரில் நாலு நாய்களோடு இந்த வேலை தொடங்கியது.

இந்தப் பள்ளிக்கூடங்களில்தான் நாய் உருவாகிறது என்று நினைத்தால் அது பாதிதான் சரி. ஏழெட்டு வாரக் குட்டியை ஒரு சாதாரணக் குடும்பத்திடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1942-இலிருந்து கிராமத்துப் பிள்ளைகளின் சங்கங்கள் மூலமாகவும், இங்கிலாந்தில் 1956-இலிருந்தும் இந்த வழக்கம் நடக்கிறது. குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எதையெதைப் பார்த்துக் கேட்டுப் பழகுகிறதோ, அதற்கெல்லாம் பின்னால் பயப்படாது என்பதை ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் வருஷக்கணக்கில் ஆராய்ந்து 1965-இல் புத்தகமாக எழுதினார்கள். ஆகையால் அந்தக் குடும்பத்தார் குட்டியைக் கடைத்தெருவுக்கும் ரயிலடிக்கும் கல்யாண வீட்டுக்கும் அழைத்துப் போகிறார்கள். தரையில் விழுந்த தின்பண்டத்தைத் தொடாமலிருக்கவும், சொன்ன இடத்தில் மட்டும் அசுத்தம் செய்யவும், மேளச் சத்தம் கேட்டு வெருளாமலிருக்கவும் கற்பிக்கிறார்கள். குட்டிக்கு ஒன்று, ஒன்றரை வயசு ஆனதும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகுதான் ஆசிரியரிடம் சில மாதப் பாடம். அதன் பிறகு பார்வையற்றவரும் நாயும் சேர்ந்து சில வாரம் படிக்க வேண்டும்.

எல்லாக் குட்டியும் தேறிவிடுவதில்லை. தேறாதவை வீணும் அல்ல. கிழவர்களுக்கும், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கும் துணையாகப் போகின்றன. சென்னையில் புளூ கிராஸ்காரர்கள் 'டாக்டர் டாக்' என்று பெயர் வைத்து நாய்களை அப்படிப்பட்ட குழந்தைகளிடம் அழைத்துப்போனதுண்டு.

வழிகாட்டி நாய்க்கு வழி தெரியும் என்று பலர் எண்ணுகிறார்கள். தெரியாது. வழி மனிதருக்குத்தான் தெரியும். "வலப்பக்கம், நேரே" என்று அவர்தான் சொல்ல வேண்டும். நாய் பள்ளத்தைச் சுற்றிப் போகும். படி வந்தால் நிற்கும். தலையில் இடிக்கும் கிளையைக் கண்டு விலகும். எல்லாவற்றிலும் பெரிய பாடம் ஒன்று உண்டு. எஜமானர் "நட" என்று சொல்லும்போது லாரி வந்தால், நாய் நடக்காது. சொன்ன பேச்சைக் கேளாமல் நிற்கும். எப்போது கீழ்ப்படியக் கூடாது என்பதை அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நம் ஆபீசுகளில் எத்தனை பேருக்கு இந்தப் பாடம் நடந்திருக்கிறது?

"நமக்கு நாய் பழக்கத் தெரியாது" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். சென்னைப் போலீஸில் 1951-லேயே துப்பறியும் நாய்கள் வந்துவிட்டன. மீரட்டில் ராணுவத்தார் நாய் பழக்குகிறார்கள். குவாலியருக்கு அருகே தேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையார் பழக்குகிறார்கள். வெடிகுண்டை மோந்து கண்டுபிடிக்க நாய் உண்டு. திருடனைத் துரத்த நாய் உண்டு. 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி இந்த நாட்டில் பார்வைக் குறையுள்ளவர்கள் 50 லட்சம் பேர். அவர்கள் வீட்டுப் படியை விட்டு இறங்க மட்டும் நாய் கிடையாது. திருடனிடம் நமக்குள்ள அக்கறை இவர்களிடம் இல்லை என்றுதானே அர்த்தம்?

எங்கள் சின்னசேலத்துக்கு வாருங்கள். சேலம்–விருத்தாசலம் பாசஞ்சரில் ஊதுபத்தி விற்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். இரண்டு கண்ணும் தெரியாது. கையில் ஒரு கோல். கோலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பத்து வயசுப் பேத்தி. ஒரு நாள் பிளாட்பாரத்தில் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். "ஊரில் ஜனங்கள் ஒத்தாசை செய்கிறார்களா, ஐயா?" என்று கேட்டேன்.

"செய்றாங்க தம்பி, நல்ல மனுசங்கதான்" என்றார். "கேக்காமலே கையைப் புடிச்சு ரோட்டைத் தாண்டி விட்டுடறாங்க. நான் இந்தப் பக்கமே நிக்கணும்னு நின்னுக்கிட்டிருப்பேன். எங்க போகணும்னு யாரும் கேக்கறதில்லே."

இதைவிடச் சுருக்கமாக நம்முடைய தர்மத்தை யாரும் விமர்சனம் செய்துவிட முடியாது. காசு போடுகிறோம், கையைப் பிடிக்கிறோம், "ஐயோ பாவம்" என்கிறோம். அந்த மனிதருக்கும் ஒரு போக்கிடம் உண்டு, ஓர் இஷ்டம் உண்டு என்பது மட்டும் நமக்குத் தோன்றுவதில்லை. நாய் கொடுப்பது அதைத்தான். அது அவர் போக நினைத்த இடத்துக்குத்தான் போகும்.

அந்தப் பேத்தியைப் பற்றியும் யோசியுங்கள். அன்று பள்ளிக்கூடம் உள்ள நாள். "நாயை வேலைக்குக் கட்டிப்போடுவது ஜீவஹிம்சை அல்லவா?" என்று என்னைக் கேட்ட சிநேகிதர் ஒருவர் உண்டு. அவர் கண்ணில் அந்தச் சிறுமி படவே இல்லை. நம் நாட்டில் வழிகாட்டி நாய் இல்லையே தவிர, வழிகாட்டிக் குழந்தைகள் இருக்கிறார்கள். பஸ் நிலையங்களிலும் கோயில் வாசல்களிலும் கோல் நுனியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் நிற்கிறார்கள். ஒரு நாயைப் பழக்கப் பல லட்ச ரூபாய் ஆகும் என்பது வாஸ்தவம். அந்தச் சிறுமியின் ஐந்தாம் வகுப்புக்கு யாராவது விலை போட்டார்களா?

ஆட்சேபங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. நம் சித்திரை வெயிலில் தார் ரோட்டில் நாய் கால் வைக்க முடியாது என்கிறார்கள். சரி, காலையிலும் மாலையிலும் நடக்கட்டும். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இதற்குச் சரிப்படாது என்கிறார்கள். அதுவும் சரிதான். சிப்பிப்பாறை வேட்டை நாய். முயல் ஓடினால் எஜமானரை மறந்துவிடும். ராஜபாளையம் வேற்று மனிதரை அண்ட விடாது. லாப்ரடார் சாந்தமான ஜாதி. அதைத்தான் உலகமெங்கும் பழக்குகிறார்கள். நம் ஊர்ப் பணக்கார வீடுகளில் அது இல்லையா என்ன? கூண்டில் அடைபட்டு, கேட்டைப் பார்த்துக் குரைத்துக்கொண்டு கிடக்கிறதே!

நாயோடு பஸ்ஸில் ஏற விடுவார்களா, ஹோட்டலில் நுழைய விடுவார்களா என்பது அடுத்த கேள்வி. பயிற்சி பெற்ற வழிகாட்டி நாயை விமானத்தில் ஏற்றிக்கொள்ள விதி இருக்கிறது. ஆகாயத்தில் இடம் கொடுத்த நாய்க்கு எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் இடம் கிடைக்குமா என்பது சந்தேகந்தான். தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன் என்றான் தருமபுத்திரன். அந்தக் கதையைக் கேட்டுக் கண்ணீர் விடுகிற நாம்தான் வாசலில் நாயைக் கண்டால் கல்லை எடுக்கிறோம்.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் தெருநாய். ஒரு வழிகாட்டி நாய் எங்கள் கடைத்தெருவில் பத்தடி வைப்பதற்குள் எட்டு நாய்கள் சூழ்ந்துகொள்ளும். இதை நான் மறுக்கவில்லை. 2025 ஆகஸ்டில் டில்லித் தெருநாய்களைப் பற்றிச் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டதும் நாடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. ஒரு கட்சி பிஸ்கட் போடும், தடுப்பூசி போடாது. இன்னொரு கட்சி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போ என்று கூச்சல் போடும். தன் வீட்டு எச்சிலிலையைத் தெருவில் கொட்டுவதை நிறுத்தாது. நாயைப் பொறுப்போடு வளர்க்கிற மூன்றாவது கட்சி ஒன்று இருக்கலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அந்த மூன்றாவது கட்சிக்கு இன்றே ஆள் சேரலாம். சர்க்காருக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சந்தான். போலீஸ் நாய்களைப் பழக்கி ஓய்வு பெற்றவர்களை வைத்து, ஜில்லாவுக்கு ஒன்று வேண்டாம், ராஜ்யத்துக்கு ஒன்றாவது பள்ளி ஆரம்பிக்கட்டும். நகரசபைகளும் பேரூராட்சிகளும் தெருநாய்களுக்குக் கருத்தடையும் ஊசியும் தவறாமல் நடத்தட்டும். நடைபாதையை ஆக்கிரமித்த கடைகளை உள்ளே தள்ளட்டும். நாய் வராவிட்டாலும் நஷ்டமில்லை. வெள்ளைக்கோலோடு நடக்கிறவருக்கும் அதே பாதைதான் வேண்டும்.

ஆனால் சர்க்காரால் செய்ய முடியாதது ஒன்று உண்டு. அது குட்டியை வளர்க்கிற வீடு. ஒரு வருஷம் அதன் மூத்திரத்தைத் துடைத்து, செருப்பைக் கடிக்கக் கொடுத்து, பிள்ளைகளெல்லாம் அதன்மேல் உயிராய் இருக்கும் சமயத்தில், "இது நம்முடையதல்ல" என்று எடுத்துக் கொடுக்கிற வீடு. பெண்ணை வளர்த்து இன்னொரு வீட்டுக்கு அனுப்புவதைப் பெரிய தியாகமாகப் பேசுகிற ஜாதி நாம். கல்யாணத்தன்று அந்தக் கண்ணீரை மேளதாளத்தோடு விடுகிறோம். முகம் தெரியாத ஒரு மனிதருக்காக, மேளதாளம் இல்லாமல் அப்படிக் கொஞ்சம் கண்ணீர் விட எத்தனை வீடு தயாராக இருக்கிறது?

பத்து வீடு போதும். பத்துக் குட்டியில் நாலு தேறினாலும் நாலு கோலின் நுனியை நாலு குழந்தைகள் விட்டுவிடுவார்கள். விட்ட கையில் பலகையும் புஸ்தகமும் பிடிப்பார்கள். அதற்குப் பிறகு அந்தப் பழமொழியை யாராவது வாயெடுத்துச் சொன்னால், நடுவீட்டில் வைத்த நாய் எங்கே போயிற்று என்பதை அந்தக் குழந்தைகளே எழுந்து சொல்லட்டும்.