கேட்டிலிருந்து வாசற்படி வரை



ஐப்பசி பிறந்துவிட்டது. ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது. மழை மூட்டம் போட்டால் அதற்கும் முன்னால். இந்த இதழில் வீட்டு விளக்குகளைப் பற்றி எழுதலாமே என்று பேச்சு வந்தபோது, ஹாலையும் பூஜையறையையும் விட்டுவிட்டு, கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவில் இருக்கும் அந்த இருபது, முப்பது அடியைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

தெருவை ஒட்டியே திண்ணை இருந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. மாடத்தில் ஓர் அகல் எரிந்தால் போதும், இரண்டு எட்டில் வீடு. இப்போது காம்பவுண்டு சுவர், கார் நிற்க இடம், இரண்டு பக்கமும் செடி, நடுவில் கல் பாவிய பாதை. விளக்கு மட்டும் கேட் தூணில் இரண்டு உருண்டை, சன்ஷேடில் ஒரு ஃபோகஸ் லைட். வீடு தெருவுக்கு நன்றாகத் தெரிகிறது. நடக்கிறவருக்குத்தான் பாதை தெரியவில்லை. வீட்டை நோக்கி வரும்போது ஃபோகஸ் லைட் நேராகக் கண்ணில் அடிக்கும். வெளியே போகும்போது நம் நிழலே படியை மறைக்கும். அறுபது வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சம், இருபது வயதுக் கண்ணுக்குள் போவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கண்புரை ஆரம்பித்திருந்தால் கூச்சம் வேறு. வயதானவர்களுக்குத் தேவை பெரிய விளக்கு அல்ல. சரியான இடத்தில் சின்ன விளக்கு.

முழங்கால் உயரத்தில், வெளிச்சம் கீழே மட்டும் விழும்படி மூடி போட்ட விளக்கு. படி இருந்தால் படியின் முகப்பிலேயே ஒன்று. ஐந்து வாட் எல்.இ.டி. தாராளம். ஆறு விளக்கு இரவில் பத்து மணி நேரம் எரிந்தாலும் மாதம் 9 யூனிட்தான். கடையில் ‘வார்ம் ஒயிட்’ என்று கேளுங்கள். பெட்டியில் 3000 கே என்று போட்டிருக்கும். 6500 கே என்ற பளீர் வெள்ளையில் நீலம் அதிகம், பூச்சி அதை நாடித்தான் வரும். மழை விட்ட மறுநாள் ஈசல் மொய்ப்பதைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூச்சிக்குத் தவளை வரும், தவளைக்குப் பின்னால் பாம்பு வரும். நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. இரவில் நடமாடும் கண்ணாடி விரியன், விலகி ஓடாமல் சருகோடு சருகாகக் கிடக்கும், மிதித்தால் கடிக்கும். விளக்கு பாம்பைத் துரத்தாது. கால் வைக்குமுன் பார்க்க வைக்கும், அவ்வளவுதான்.

கடற்கரை ஓரம் வீடு கட்டியிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பங்குனி ஆமைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் மாதங்களில், கடலைப் பார்த்த விளக்குகளை அணைத்துவிடுங்கள். குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடலென்று நம்பி உங்கள் கேட்டுக்கே வந்துவிடும். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் மணலில் நடந்து அந்த முட்டைகளைக் காத்துவருகிறார்கள்.

விளக்கு வாங்குவது சுலபம். கோளாறெல்லாம் மண்ணுக்குள்தான். ஒயரை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி, அப்படியே மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போகும் வேலையை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். முதல் மழையில் டேப்பின் பசை ஊறிவிடும். பிறகு ஈர மண்ணிலேயே கரண்ட் கசியும். மண்ணுக்குள் ஜாயிண்டே கூடாது. ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்கு முழு ஒயராகப் போகட்டும், இணைப்பு விளக்கின் பெட்டிக்குள் இருக்கட்டும். கெட்டியான பி.வி.சி. பைப்புக்குள், மண்வெட்டி எட்டாத ஆழத்தில், இரண்டடியாவது தோண்டி, மேலே ஒரு வரிசை செங்கல். பெருச்சாளி உள்ள இடமென்றால் ஆர்மர்டு கேபிள்தான். குழியை மூடும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். நாளை தென்னங்கன்று வைக்கக் குழி தோண்டுபவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

விளக்கின் மேல் ஐ.பி. 65 என்று இருக்கிறதா பாருங்கள். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. தரையோடு தரையாகப் பதிப்பதற்கு 67 வேண்டும். அது ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் தாங்கும். ஒயர் நுழையும் ஓட்டையை இறுக்காமல் விட்டால் எந்த எண்ணும் காப்பாற்றாது, எறும்பே முதலில் குடியேறும். குழந்தைகள் ஓடியாடும் தோட்டமென்றால் 12 வோல்ட் விளக்குகளே என் சிபாரிசு. கரண்டை 12 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் டிரைவர் பெட்டியை வீட்டுக்குள் மாட்டிவிடலாம். மெல்லிய ஒயரை நீளமாக இழுத்தால் மட்டும் கடைசி விளக்கு மங்கும். சற்றுப் பருமனான ஒயராக வாங்குங்கள்.

சோலார் வைக்கலாமா என்று கேட்பார்கள். தோண்ட வேண்டாம், ஷாக் பயம் இல்லை. ஆனால் விளக்கு அதிகம் தேவைப்படும் கார்த்திகை மழையில்தான் அது வெயில் இல்லாமல் படுத்துவிடும். மாமரத்தடியில் நட்டால் கோடையிலும் அதே கதை. ஓரிரு வருடத்தில் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியை மாற்ற வேண்டியிருக்கும். அது தெரியாமல் விளக்கையே குப்பையில் போடுகிறவர்கள் அதிகம்.

பராமரிப்பு பெரிய வித்தையல்ல. மெயினை அணைத்துவிட்டு, ஈரத்துணியால் கண்ணாடியைத் துடையுங்கள். போர் தண்ணீர் தெளித்துப் படிந்த உப்பு, செத்த பூச்சி, சிலந்திவலை இவைதான் பாதி வெளிச்சத்தைத் தின்கின்றன. ரப்பர் வாஷர் விறைத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, முக்கியமான வேலை. மீட்டர் பலகைக்குப் பக்கத்தில், கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கும், பழைய எலக்ட்ரீஷியன்கள் இ.எல்.சி.பி. என்பார்கள். அதில் 30 எம்.ஏ. என்று இருக்க வேண்டும். 300 என்றால் அது தீ விபத்தைத் தடுக்க வைத்தது, ஷாக்கிலிருந்து ஆளைக் காக்காது. அதிலேயே ‘டி’ என்று ஒரு சின்னப் பொத்தான் உண்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை அதை அழுத்திப் பாருங்கள், சுவிட்ச் டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டாலோ, அப்படி ஒன்று வீட்டிலேயே இல்லாவிட்டாலோ, முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்யுங்கள். பாதை விளக்கை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஆசிரியர்