ஒரே தண்ணீர், மூன்று பெயர்கள்: ஃபுகுஷிமா செய்தி நாட்டுக்கு நாடு மாறுவது ஏன்?

2023 ஆகஸ்ட் 24, மதியம். ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் தேக்கி வைத்திருந்த தண்ணீரை பசிபிக் கடலில் விடும் வேலை தொடங்கியது. ஜப்பானிய செய்திகளில் அது 'சுத்திகரிக்கப்பட்ட நீர்'. சீன அரசு ஊடகங்களில் 'அணுக் கதிரியக்கத்தால் மாசுபட்ட நீர்'. தென் கொரியாவில் பரவலாக 'மாசுநீர்'. ராய்ட்டர்ஸ், ஏபி மாதிரியான ஏஜென்சிகள் 'சுத்திகரிக்கப்பட்ட கதிரியக்க நீர்' என்று இரண்டு பக்கத்தையும் ஒரே வரியில் ஒட்டவைத்தன.

வெறும் வார்த்தைதானே என்று விட்டுவிட முடியாது. ஒரு வாரம் கழித்து ஜப்பானின் வேளாண், மீன்வளத் துறை அமைச்சர் டெட்சுரோ நொமுரா, செய்தியாளர்களிடம் பேசும்போது வாய் தவறி 'மாசுநீர்' என்று சொல்லிவிட்டார். அன்றே பிரதமர் ஃபுமியோ கிஷிடா அவரை மன்னிப்பு கேட்கச் சொன்னார். அவரும் கேட்டார். ஒரு சொல்லுக்கு இவ்வளவு விலை!

சரி, அந்தத் தண்ணீரில் என்னதான் இருக்கிறது?

2011 மார்ச் 11 அன்று 9.0 அளவிலான நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கியதில் நிலையத்தின் மின்சாரம் போனது, குளிரூட்டும் அமைப்பு நின்றது. மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. அதைக் குளிர்விக்கும் தண்ணீரும், உள்ளே கசியும் நிலத்தடி நீரும் கதிரியக்கம் கலந்து 13 லட்சம் டன்னுக்கு மேல் சேர்ந்துவிட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொட்டிகள். ஏஎல்பிஎஸ் என்ற வடிகட்டும் அமைப்பு 62 வகை கதிரியக்கத் தனிமங்களை அனுமதிக்கப்பட்ட அளவுக்குக் குறைக்கிறது. டிரிடியத்தை மட்டும் பிரிக்க முடியாது, ஏன்னா அது தண்ணீர் மூலக்கூறாகவே மாறியிருக்கிறது. அதனால் கடல்நீர் கலந்து நீர்க்கச் செய்து, லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே கொண்டுவந்து விடுகிறார்கள். குடிநீருக்கு உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டி அளவே 10,000 பெக்கரல்.

ஜப்பான் ஊடகங்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டன. ஆனால் தொட்டிகளில் இருந்த நீரில் பெரும்பகுதி முதல் சுற்று வடிகட்டலில் தேறவில்லை, மறுபடி சுத்திகரிக்க வேண்டியிருந்தது என்ற தகவல் தலைப்புகளில் அவ்வளவாக வரவில்லை. சீன ஊடகங்கள் 'உருகிய எரிபொருளைத் தொட்ட நீர், சாதாரண அணு உலை நீர் அல்ல' என்பதை அழுத்திச் சொன்னன. அது உண்மைதான். ஆனால் சீனாவின் சில அணுமின் நிலையங்களே ஆண்டுக்கு ஃபுகுஷிமாவைவிடப் பல மடங்கு டிரிடியத்தைக் கடலில் விடுகின்றன என்பதை அவை பேசவில்லை. திட்டம் சர்வதேசப் பாதுகாப்புத் தரங்களுக்கு ஏற்றதாக இருக்கிறது என்று சர்வதேச அணுசக்தி முகமை 2023 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. டோக்கியோவில் அது முதல் பக்கச் செய்தி. பெய்ஜிங்கில் சந்தேகத்துக்குரிய ஆவணம்.

இரண்டு பக்கமும் பொய் சொன்னதாகச் சொல்ல முடியாது. எதை விட்டுவிடுவது என்பதில்தான் விளையாட்டு.

தென் கொரியாவில் கதை இன்னும் சிக்கல். அங்கே பெயரே உள்நாட்டு அரசியல். யூன் சுக் யோல் அரசு ஜப்பானோடு நெருங்க நினைத்தது; எதிர்க்கட்சி தெருவில் இறங்கியது. நடுவில் மாட்டியது மீனவர்கள். 'மாசுநீர்' என்று செய்தி வர வர மீன் விற்காது என்பதால், பெயரை மாற்றுங்கள் என்று மீனவர் தரப்பிலிருந்தே குரல் வந்தது. கடல் மாசுபடும் என்று பயந்து மக்கள் உப்பை வாங்கிக் குவித்ததும் அங்கே நடந்தது.

2011-லும் இதேதான்

விபத்து நடந்த மறுநாளே, உலை மையம் உருகியிருக்கலாம் என்று சொன்ன ஜப்பானிய ஒழுங்குமுறை அமைப்பின் பேச்சாளர் அந்தப் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார். டெப்கோ நிறுவனம் அந்த வார்த்தையை ஒப்புக்கொள்ள இரண்டு மாதம் ஆனது. அந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டாம் என்று அப்போதைய தலைவரே உத்தரவிட்டிருந்தார் என்பது 2016-இல்தான் வெளியே வந்தது. அரசும் நிறுவனமும் சொல்வதை அப்படியே ஒப்பித்தார்கள் என்ற விமர்சனம் ஜப்பானிய ஊடகங்கள் மீது இன்றும் இருக்கிறது.

வெளிநாட்டு ஊடகங்கள் எதிர்த் திசையில் ஓடின. ஃபாக்ஸ் நியூஸ் காட்டிய வரைபடத்தில் 'ஷிபுயா எக்மேன்' என்று ஒரு அணுமின் நிலையம். அது டோக்கியோவில் இருக்கும் ஒரு இசை அரங்கம். சுனாமியில் சுமார் 18,500 பேர் இறந்தோ காணாமலோ போன நிலையில், ஜெர்மனியில் விவாதம் முழுக்க அணு உலை பற்றியே சுழன்றது. அங்கே அணுசக்தி எதிர்ப்பு ஏற்கெனவே பெரிய அரசியல். சில நாட்களில் ஏஞ்சலா மெர்கல் பழைய உலைகளை நிறுத்தினார். அதே மாதம் பாடன்-வுர்ட்டம்பர்க் தேர்தலில் பசுமைக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. நம்ம ஊரில் கூடங்குளம் போராட்டம் சூடுபிடித்ததும் அதே ஆண்டுதான்.

இன்னும் பின்னோக்கிப் போனால் செர்னோபில், 1986. சோவியத் தொலைக்காட்சி விபத்தைச் சொன்னது இரண்டு நாள் கழித்து, சில வரிகளில். அதுவும் சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் நிலையத்தில் கதிரியக்கம் பதிவான பிறகு. மறுபுறம், அமெரிக்காவின் யுபிஐ 2,000 பேர் பலி என்று செய்தி விட்டது. உடனடி பலியாகப் பின்னர் பதிவானவர்கள் சுமார் 30 பேர். பிரான்ஸ் தொலைக்காட்சியின் வானிலை வரைபடத்திலோ, எல்லையில் 'ஸ்டாப்' பலகை! கதிரியக்க மேகம் பாஸ்போர்ட் இல்லாமல் திரும்பிப் போய்விட்டதாக்கும். மின்சாரத்துக்கு அணு உலைகளை நம்பியிருந்த நாடு அது.

யார் கையில் அணு உலை இருக்கிறது, பக்கத்து நாட்டோடு உறவு எப்படி, உள்ளூரில் தேர்தல் எப்போது... தலைப்பு எழுதப்படுவது இந்தக் கணக்குகளுக்கு நடுவில்தான்.

இதில் அதிகம் அடிபட்டது ஃபுகுஷிமா மீனவர்கள். 2022-இல் அவர்கள் பிடித்த மீன், விபத்துக்கு முன்பு பிடித்ததில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. அவர்களின் கூட்டமைப்பு கடைசிவரை நீர் வெளியேற்றத்தை எதிர்த்தது. அவர்களின் முக்கியக் கவலை, ஜப்பானியர்கள் 'ஃபூஹ்யோ ஹிகாய்' என்று சொல்லும் வதந்தியால் வரும் நஷ்டம். வெளியேற்றம் தொடங்கிய அன்றே சீனா ஜப்பானின் கடல் உணவு மொத்தத்துக்கும் தடை போட்டது. ஃபுகுஷிமாவின் உணவகங்களுக்கு சீனாவிலிருந்து திட்டும் போன்கால்கள் வந்துகொண்டே இருந்தன. மீனவர்களின் இந்த நஷ்டத்துக்கு ஜப்பான் அரசு ஒதுக்கிய நிதி 8,000 கோடி யென்.