வதந்தியால் வாழ்பவர் யார்? வதைபடுபவர் யார்?

"படிப்பில்லாத ஜனங்கள்தான் வதந்தியை நம்புகிறார்கள்" என்று கனவான்கள் சொல்லுகிறார்கள். வயலில் குனிந்து நாற்று நடுகிறவள் மூடப்பெண். பஞ்சாலையில் இரவு ஷிப்டில் நிற்பவன் மூடன். நாற்காலியில் சாய்ந்து பேசுகிறவர் மட்டும் விவேகி! இது உழைக்கும் மக்கள் மீது வீசப்படும் அவதூறு. இதை நாம் அடியோடு மறுக்கிறோம்.

வதந்தி பயத்திலே பிறக்கிறது. பயம் முன்னே வருகிறது. அதற்கான காரணத்தை மனிதன் பின்னே தேடுகிறான். அந்த நேரம் பார்த்து ஒரு காரணத்தைக் கையில் திணிப்பவன் எவனோ, அவன் பின்னால் கூட்டம் போகிறது. இதற்கு அத்தாட்சி நம் கம்பம் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது.

மார்க்கையன்கோட்டை வயலில் கால் வைத்தவருக்கு முல்லைப் பெரியாற்றின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை கேரளத்து மண்ணில் நிற்கிறது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வரும் அதன் நீரை நம்பி, கூடலூர் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம் இருக்கிறது. நடவும் அறுப்பும் இல்லாத நாளில் இதே பள்ளத்தாக்கின் ஆண்களும் பெண்களும் விடியுமுன் ஜீப் ஏறி, குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் அப்பாலுள்ள ஏலத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறார்கள். தண்ணீர் இந்தப் பக்கம் வருகிறது. உழைப்பு அந்தப் பக்கம் போகிறது.

2011-ல் இந்த உறவின் மீது தீ வைத்தார்கள். அந்த ஆண்டு இடுக்கி ஜில்லாவில் சிறுசிறு நில அதிர்வுகள் உண்டாயின. "அணை உடையப் போகிறது, லட்சக்கணக்கானோர் மடியப் போகிறார்கள்" என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. அணை உடைவதைக் காட்டும் 'டேம் 999' என்ற சினிமாவும் நவம்பரில் வெளிவந்தது. டிசம்பரில் குமுளி எல்லையில் மோதல் மூண்டது. சாலைகள் அடைபட்டன. தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள் உயிருக்கு அஞ்சி ஊர் திரும்பினார்கள். இந்தப் பக்கத்திலோ, ஒரு பாவமும் அறியாத மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன.

அணையின் நிலைமை உண்மையில் என்ன? அது பழைய சுண்ணாம்புச் சுர்க்கி அணை என்பது மெய். 1979-ல் நீர்மட்டத்தை 152 அடியிலிருந்து 136 அடிக்கு இறக்கியதும் மெய். அதன் பிறகு மேலே கான்கிரீட் போர்வை போட்டு, உள்ளே இரும்பு வடம் இறக்கி, பின்புறம் கான்கிரீட் முட்டுச்சுவர் எழுப்பிப் பலப்படுத்தியதும் அதே அளவு மெய். ஆனால் வதந்திக்காரன் முதல் பாதியைச் சொல்லி, இரண்டாம் பாதியை விழுங்கிவிட்டான். முழுப் பொய்யைவிட அரை உண்மைக்குத்தான் ஆயுசு அதிகம்!

நீதிபதி ஏ.எஸ்.ஆனந்த் தலைமையிலான குழு 2012-ல் அணை பத்திரமாக இருக்கிறது என்று அறிக்கை தந்தது. அந்தக் குழுவில் கேரளத்தின் சார்பில் நீதிபதி கே.டி.தாமசும் இருந்தார். 2014 மே 7-ல் சுப்ரீம் கோர்ட் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த ஆண்டே நீர் 142 அடியைத் தொட்டது. அணை அசையவில்லை. 2021 அக்டோபரில் மறுபடியும் பீதி கிளப்பப்பட்டபோது, ஆபத்து ஒன்றுமில்லை, பீதி பரப்புவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று கேரள முதலமைச்சர் பினராயி விஜயனே சட்டசபையில் கூறினார்.

அப்படியானால் வண்டிப்பெரியாற்றில் பயந்தவரெல்லாம் பொய்யர்களா? ஒருக்காலும் இல்லை! அணைக்குக் கீழே குழந்தை குட்டிகளோடு படுத்துறங்கும் ஏழையின் பயம் நிஜமான பயம். அணையை இடைவிடாமல் பரிசோதிக்கச் சொல்வது அவர் உரிமை. பரிசோதனை வேறு, பீதி வியாபாரம் வேறு.

1934 ஜனவரி 15-ல் பீகாரைப் பூகம்பம் உலுக்கியது. அதை அடுத்து எழுந்த வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற மனோதத்துவ அறிஞர் திரட்டி ஆராய்ந்தார். அதிர்ச்சியை உணர்ந்தும் சேதத்தைக் கண்ணால் காணாத ஊர்களில், ஆறுதல் சொல்லும் பேச்சுத்தானே பரவியிருக்க வேண்டும்? அங்கே பரவியதோ, "வெள்ளம் வருகிறது", "கிரகணத்தன்று இதைவிடப் பெரிய பூகம்பம்" என்ற பேச்சு! இதற்கு 1957-ல் லியோன் பெஸ்டிங்கர் என்ற அமெரிக்க அறிஞர் விளக்கம் சொன்னார்: நெஞ்சு நடுங்குகிறது, கண்ணெதிரே காரணம் இல்லை, ஆகவே நடுக்கத்துக்குப் பொருத்தமான ஆபத்தை மனம் தானே ஏற்றுக்கொள்கிறது. இடுக்கியின் நில அதிர்வும் அணைப் பேச்சும் இதே கதைதான்.

பயம் கதவைத் திறக்கிறது. திரும்பத் திரும்பச் சொல்வது உள்ளே குடியேற்றுகிறது. 1977-ல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. மெய்யும் பொய்யும் கலந்த வாசகங்களைச் சில வார இடைவெளியில் காட்டினார்கள். மறுபடி மறுபடி கண்ணில் பட்டவற்றை, பொய்யானாலும், மெய்யாக இருக்கும் என்று மாணவர்கள் கூடுதலாக மதிப்பிட்டார்கள். கல்லூரி படித்தவர்கள்! படிப்பில்லாதவனைப் பழிக்கும் கனவான்கள் இதற்கு என்ன பதில் சொல்லப் போகிறார்கள்?

பஞ்சாலைத் தோழர்களே, 2023 மார்ச்சை நினைவில் கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று செல்போன் படங்கள் பறந்தன. எங்கோ எதற்கோ நடந்த அடிதடிகளுக்குத் தமிழ்நாடு என்று பெயர் ஒட்டினார்கள். ஒரு படம் ஆள்களை நடிக்க வைத்து எடுத்தது என்று பீகார் போலீசே கண்டுபிடித்தது. திருப்பூரில் பாஷை தெரியாத ஊரில் உழைக்கும் தொழிலாளிக்கு அந்தப் படம் வந்தது எங்கிருந்து? சொந்த ஊர்க்காரனிடமிருந்து, மச்சானிடமிருந்து! பத்திரிகையைச் சந்தேகிப்பான், அழுதுகொண்டே பேசும் தாயை எப்படிச் சந்தேகிப்பான்? 2011-ல் தோட்டத்தில் தமிழன் நடுங்கினான். 2023-ல் திருப்பூரில் பீகாரி நடுங்கினான். மொழி வேறு, நடுக்கம் ஒன்றுதான்.

இதில் நஷ்டம் யாருக்கு? எல்லை மூடிய நாட்களில் ஏலத் தோட்ட முதலாளிக்கும் நஷ்டம் வந்திருக்கலாம். ஆனால் அவர் வீட்டு அடுப்பு அணையவில்லை. அணைந்தது கூலிக்காரன் அடுப்பு. லாபம் யாருக்கு? பகையை ஓட்டாக மாற்றுகிறவனுக்கு, பீதியைக் காசாக மாற்றுகிறவனுக்கு, தொழிலாளிகள் ஒன்று சேர்ந்து கூலி கேட்காதவரை நிம்மதியாகத் தூங்குகிறவனுக்கு!

ஆகவே தோழர்களே, பயந்தவனைக் கேலி செய்யாதீர்கள். கேலி அவனை வதந்திக்காரன் மடியிலே தள்ளிவிடும். அருகில் உட்கார்ந்து கேளுங்கள்: யார் கண்ணால் பார்த்தது? எந்த ஊர்? எந்த நாள்? இதை நம்பினால் யாருக்கு லாபம்? பதில் கிடைக்கும்வரை அந்தச் செய்தி உங்கள் செல்போனைத் தாண்டக் கூடாது.

கேள்வி மட்டும் போதாது. பயத்துக்கு மருந்து பழக்கம். எல்லைக்கு அப்பால் உங்களோடு ஏலக்காய் பறிக்கும் மலையாளித் தொழிலாளியின் போன் நம்பரை வைத்திருங்கள். பக்கத்து மெஷினில் நிற்கும் பீகார்த் தோழனைச் சங்கக் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். புயல் போலப் பேச்சுக் கிளம்பும் நாளில் அவனையே நேரில் கேட்கலாம்: "தோழா, அங்கே உண்மையில் என்ன நடக்கிறது?"

கேட்கவும் சொல்லவும் தோழன் இருக்கிற இடத்தில் வதந்தி பிழைக்காது. தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!