நான்கு எண்கள் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லீரல் கொழுப்பு நோய் பற்றிய தங்கள் கட்டுரையை முழுமனதாக ஏற்கிறேன். ஆனால், ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று அறிய ஃபைப்ரோஸ்கேனை மட்டும் சொல்லி நிறுத்தியது குறை. எங்களைப் போன்ற சிற்றூர்க்காரர்கள் அதற்குப் பெரிய ஊருக்குத்தான் போகவேண்டும். தழும்பின் வாய்ப்பை மதிப்பிடும் 'ஃபிப்-4' கணக்குக்கோ தனிக் கருவி வேண்டாம். வயது, ரத்தத்தில் பார்க்கும் ஈரல் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. அளவுகள், ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை, இவை போதும். விடை 1.3-க்குக் கீழே இருந்தால் (65 வயதைத் தாண்டியவர்களுக்கு 2) தழும்பு முற்றியிருக்க வாய்ப்புக் குறைவு. மேலே இருந்தால்தான் ஃபைப்ரோஸ்கேன். ஊசி குத்திச் சதை எடுக்கும் சோதனை சிலருக்கே தேவைப்படும்.

என் அண்ணனுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை. வயிற்று ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்று வந்தபோது, "எல்லாருக்கும் இருப்பதுதான்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த கிரேடு கொழுப்பைச் சொல்லுமே தவிர, தழும்பைச் சொல்லாது. வேண்டிய எண்கள் எல்லாம் அவர் கோப்பிலேயே இருந்தன. பிறகு வேறொரு மருத்துவர் கணக்கிட்டபோது 1.3-ஐத் தாண்டியிருந்தது.

கல்லீரல் கொழுப்பு நோயை மத்திய அரசு 2021-இல் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. எனவே, சர்க்கரை நோயாளிகளின் ரத்த அறிக்கையில், கிரியேட்டினினுடன் சிறுநீரகத் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். அச்சாவதுபோல, ஃபிப்-4 எண்ணையும் அச்சிட ஆய்வகங்களுக்கு மக்கள் நல்வாழ்வுத் துறை உத்தரவிட வேண்டும்.

வாசகி, மணப்பாறை